மூன்று பவுன் வரி, மூன்று பவுன் சந்தா

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனி 1895இல் 17ஆம் எண்ணிட்ட சட்டம் ஒன்றை இயற்றியது. கரும்புத் தோட்டத்துக்கோ நிலக்கரிச் சுரங்கத்துக்கோ ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்த இந்தியக் கூலி, தவணை முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். இல்லையென்றால் மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். இரண்டும் வேண்டாம், என் பாட்டைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன் என்பவர் ஆண்டுக்கு 3 பவுன் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். 1903இல் இந்த வரியைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13 வயது ஆனதும் தலைக்கு 3 பவுன்.

பவுன் என்றதும் நமக்கு நகைக்கடை நினைவுக்கு வரும். இது இங்கிலாந்து நாணயம். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒப்பந்தக் கூலிக்கு முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். அது ஆண்டுக்கு ஒரு ஷில்லிங்காக ஏறி ஐந்தாம் ஆண்டில் 14 ஆகும். ஆக, 3 பவுன் என்பது முதலாண்டுக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். கணவன், மனைவி, வளர்ந்த மகன், மகள் என்று நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 12 பவுன். ஐந்தாம் ஆண்டுச் சம்பளத்தை ஒரு காசு செலவழிக்காமல் முழுவதும் எடுத்து வைத்தாலும் 12 பவுன் தேறாது.

கஜானாவை நிரப்பப் போட்ட வரி இல்லை இது. வெள்ளைக் குடியேறிகள் முதலில் கேட்டது 25 பவுன். ஆள் அனுப்பும் இந்திய அரசின் சம்மதம் தேவைப்பட்டதால் வைஸ்ராய் எல்ஜினோடு பேசி 3 பவுனுக்கு இறங்கினார்கள். யாரும் கட்டாமல் கப்பலேறினாலும் சரி, கட்ட முடியாமல் மறுபடி கரும்புக் காட்டுக்கே போனாலும் சரி, சட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிடும். வேலைக்கு ஆள் வேண்டும், குடியிருக்க ஆள் வேண்டாம். விசா வகைகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நம்மில் பலருக்கு இந்தக் கணக்கு புதிதாக இராது.

1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் தொகுதியைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியது. 1911இல் ஆள் அனுப்புவது நின்றுபோகும்வரை வந்தவர்கள் சுமார் 152,000 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்தவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். முனுசாமி, ராமசாமி, கோவிந்தசாமி என்று பட்டியல் நெடுக ‘சாமி’ வந்ததால் வெள்ளையர்கள் எல்லா இந்தியரையும் ‘சாமி’ என்றே கூப்பிட்டார்கள். கடவுளைக் குறிக்கும் சொல்லை வசைச் சொல்லாக ஆக்கிய ஊர் வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை.

இந்த வரியை எதிர்த்துப் பதினெட்டு ஆண்டுகள் எழுதினார்கள். பிறகு 1913இல் சில வாரங்கள் வேலையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு வரி போயிற்று. எழுத்து தோற்றது, மறியல் வென்றது என்று இதைச் சுருக்கிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அந்த எழுத்துகளைப் படித்தவரையில் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. அந்த எழுத்து யாரை நோக்கி எழுதப்பட்டது, எந்த மொழியில், யார் படிக்கக்கூடிய விதத்தில் என்பதுதான் கேள்வி.

காந்தி 1893இல் டர்பனுக்கு வந்தார். மறு ஆண்டே இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்து அவர் வரைந்த மனுவில் இரண்டு வாரத்துக்குள் சுமார் 10,000 கையெழுத்துகள் சேர்ந்தன. வண்டி கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் வாங்கினார்கள். அதே 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 3 பவுன் வரி மசோதா வந்தபோது அந்தக் காங்கிரஸ்தான் காலனிச் செயலர் சேம்பர்லினுக்கும் வைஸ்ராய் எல்ஜினுக்கும் விண்ணப்பம் எழுதியது.

அந்த விண்ணப்பங்களின் ஆங்கிலம் நேர்த்தியானது. தாழ்மையான வணக்கத்தில் தொடங்கி, எண்ணிட்ட பத்திகளில் நடந்து, மனுதாரர்கள் என்றென்றும் வேண்டிக்கொண்டிருப்பார்கள் என்ற சம்பிரதாய வாசகத்தில் முடியும். வாதம் ஒரு வழக்கறிஞரின் வாதம். 1858இல் மகாராணி தந்த வாக்குறுதிப்படி நாங்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். ஒரு மனிதனின் நல்ல வயதைக் குறைந்த கூலிக்கு வாங்கிக்கொண்டு, பிறகு அதே மண்ணில் இருப்பதற்கு அவனிடமே வரி கேட்பது பிரிட்டிஷ் நியாயமா? இன்று படித்தாலும் இதில் ஒரு கண்ணி தளரவில்லை. சேம்பர்லின் படித்தாரோ இல்லையோ, சட்டம் நிறைவேறியது.

காங்கிரஸில் சேரச் சந்தா மாதம் 5 ஷில்லிங். ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள்: 3 பவுன். யாரும் திட்டமிட்டு வைத்த தொகை இல்லை. குஜராத்தி வணிகர்களுக்கு அது பெரிய காசும் இல்லை. ஆனால் வரி கட்ட முடியாதவன், வரியை எதிர்க்கும் சங்கத்திலும் சேர முடியாது. ஒப்பந்தக் கூலிகள் காங்கிரஸுக்கு வெளியே நின்றார்கள் என்பதைக் காந்தியே தன் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார்.

வெளியே நின்றவர்களில் ஒருவர் 1894இல் உள்ளே வந்தார். பாலசுந்தரம். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, துணி கிழிந்து, ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளையரைப் பார்க்கப் போகும்போது கூலி தலைப்பாகையைக் கழற்றியாக வேண்டும். அதே பழக்கத்தில் இங்கும் கழற்றிவிட்டார். கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. அவருக்குத் தமிழ் தெரியாது. அலுவலகக் குமாஸ்தா ஒரு தமிழர், அவர்தான் மொழிபெயர்த்தார். பாலசுந்தரத்தை முதலில் டாக்டரிடம் அனுப்பிக் காயங்களுக்குச் சான்றிதழ் வாங்கினார்கள். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். உடைந்த பல் காகிதத்தில் ஏறிய பிறகே வழக்காக முடியும். கடைசியில் பாலசுந்தரத்துக்குக் கிடைத்தது விடுதலை இல்லை, வேறொரு முதலாளி. அதுவே பெரிய காரியம். செய்தி தோட்டங்களுக்கெல்லாம் பரவியது. கூலிகள் காந்தியைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

1896இல் காந்தி இந்தியாவுக்கு வந்தபோது, தென்னாப்பிரிக்க இந்தியர்களின் குறைகளை ராஜ்கோட்டில் ஒரு சிறு நூலாக எழுதினார். அட்டை பச்சை நிறம் என்பதால் ‘பச்சைப் பிரசுரம்’ என்று பெயர் வந்தது. 10,000 பிரதிகள். அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பேசப் போனவருக்குச் சென்னையில் கிடைத்த வரவேற்பு வேறெங்கும் கிடைக்கவில்லை. அக்டோபர் 26ஆம் தேதி பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். நீண்ட, அச்சிட்ட உரையைப் படித்தார். கூட்டத்தில் பிரசுரம் விற்றுத் தீர்ந்துபோய், மறுபதிப்பு போட வேண்டியதாயிற்று. பாலசுந்தரம் தமிழர் என்பதுதான் சென்னையின் சூட்டுக்குக் காரணம் என்று காந்தி எழுதுகிறார். பம்பாயில் கொள்கையாகக் கேட்கப்பட்டது சென்னையில் ஒரு மனிதரின் பெயராகக் கேட்கப்பட்டிருக்கிறது.

ஆனால் எழுத்து பயணம் போகும்போது சுருங்கும். பிரசுரத்தின் சாரத்தை ராய்ட்டர் லண்டனுக்குத் தந்தியடித்தது. லண்டனிலிருந்து நேட்டாலுக்கு அது மூன்று வரியாகப் போய்ச் சேர்ந்தது. மூன்று வரியில் நிதானத்துக்கு இடம் ஏது? 1897 ஜனவரியில் டர்பனில் இறங்கிய காந்தியை வெள்ளைக் கும்பல் தெருவில் அடித்து உதைத்தது.

1903 ஜூன் 4ஆம் தேதி ‘இந்தியன் ஒப்பீனியன்’ வார இதழ் தொடங்கியபோது நான்கு மொழிகளில் வந்தது: ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ். பெரும்பாலான கூலிகளின் மொழி கடைசிப் பக்கங்களிலாவது இருந்தது. 1906இல் தமிழ்ப் பகுதியையும் இந்திப் பகுதியையும் நிறுத்திவிட்டார்கள். எழுத, அச்சுக் கோக்க, சரிபார்க்கத் தகுந்த ஆள் கிடைக்கவில்லை, பெயரளவுக்கே நடந்தது என்பது காந்தி சொல்லும் காரணம். பொய்க் காரணம் என்று நான் நினைக்கவில்லை. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு அந்தச் சலிப்பு தெரியும். ஆனால் விளைவைப் பாருங்கள். 1907இல் அந்த இதழ் தோரோவின் சட்டமறுப்புக் கட்டுரையை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது. அநியாயமான அரசுக்குத் தலைவரி கட்ட மறுத்து 1846இல் ஓரிரவு சிறையில் இருந்த அமெரிக்கர் தோரோ. நேட்டாலில் உண்மையாகவே தலைவரியால் நசுங்கிக்கொண்டிருந்தவர்களின் மொழியில் அந்த இதழில் அப்போது ஒரு பக்கமும் இல்லை.

அந்த இடத்தை நிரப்ப வந்தவராக நான் பார்ப்பது பி. எஸ். ஐயரை. நம் வரலாற்று நினைவில் அவருக்கு இடமே இல்லை. டர்பனில் 1908இல் ‘ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்’ என்ற ஏட்டை ஆங்கிலத்திலும் தமிழிலும் தொடங்கினார். சண்டைக்காரர். காந்தியை நேருக்கு நேர் விமர்சித்தவர். பின்னாளில் 1914 உடன்பாட்டையும் போதாது என்று எழுதியவர். காந்தியின் கவனம் டிரான்ஸ்வால் பதிவுச் சட்டத்தில் இருந்த ஆண்டுகளில், நேட்டால் கூலியின் வரியைத் தலைப்புச் செய்தியாக வைத்திருந்தது ஐயரின் ஏடு. 1911இல் வரி ஒழிப்புக்கென்றே ஒரு பிரசாரம் நடத்தினார். 3 பவுன் வரியின் வரலாறு 1895இலிருந்து நேராக 1913க்குத் தாவுவதாக எழுதுபவர்கள் இவரைத் தாண்டித்தான் தாவுகிறார்கள்.

டிரான்ஸ்வால் போராட்டம் பற்றி நிறையவே எழுதியாயிற்று. சுருக்கமாகச் சொல்லிப் போகிறேன். 1908 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி முன்னால் 2,000க்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைப் பெரிய அண்டாவில் போட்டு எரித்தார்கள். அடுத்த ஆண்டுகளில் வணிகர்கள் மெல்ல ஒதுங்க, மறுபடி மறுபடி சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் மிகுதி: தள்ளுவண்டி வியாபாரிகள், சலவைத் தொழிலாளிகள், சுருட்டுச் சுற்றுபவர்கள். முன்னால் நின்றவர் மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு. சிறையில் பிடித்த நோயோடு வெளியே வந்த நாகப்பன் 1909இல் இறந்தார். நாடு கடத்தப்பட்டுத் திரும்பிவந்த நாராயணசாமி எந்தத் துறைமுகத்திலும் இறங்க அனுமதி கிடைக்காமல் 1910இல் இறந்தார்.

1912 கடைசியில் கோகலே தென்னாப்பிரிக்கா வந்தார். போத்தாவையும் ஸ்மட்ஸையும் சந்தித்துவிட்டு, வரி ஒழியும் என்ற வாக்குறுதியோடு வந்திருப்பதாகக் காந்தியிடம் சொன்னார். 1913இல் அப்படியொரு வாக்குறுதியே தரவில்லை என்றது அரசு. அதே ஆண்டு மார்ச் 14ஆம் தேதி கேப் உயர் நீதிமன்றத்தின் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார்: பலதார மணத்தை அனுமதிக்கும் மதச் சடங்குப்படி நடந்த திருமணம் இங்கே செல்லாது. தாலி கட்டிய மனைவியெல்லாம் ஒரே நாளில் வைப்பாட்டி ஆனாள். அதுவரை பெண்களைப் போராட்டத்துக்கு அழைக்கத் தயங்கிய காந்தி இப்போது அழைத்தார்.

செப்டம்பர் இறுதியில் அவர் உள்துறைக்கு எழுதிய கடிதம் பழைய விண்ணப்பங்களைப் போல் இல்லை. வேண்டுகோள் இல்லை, அறிவிப்பு. வரியை எடுக்கும்வரை கூலிகளை வேலை நிறுத்தச் சொல்லப் போகிறோம், இதன் பொறுப்பின் கனம் எங்களுக்குத் தெரியும் என்று முன்கூட்டியே தெரிவித்தார். எதிரிக்குத் தேதி சொல்லிவிட்டுத் தொடங்கும் சண்டை. ஸ்மட்ஸ் அதை நம்பியதாகத் தெரியவில்லை. பதினெட்டு ஆண்டுகளாகக் கடிதம் வாங்கிப் பழகியவர்களுக்கு இதுவும் ஒரு கடிதம்.

அந்தக் கடிதத்தைச் செயலாக்கியவர்கள் பதினொரு பெண்கள். பத்துப் பேர் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. டிரான்ஸ்வாலைச் சேர்ந்தவர்கள். முதலில் வெரினிகிங்கில் அனுமதியில்லாமல் எல்லை கடந்தார்கள், போலீஸ் பிடிக்கவில்லை. கூடை சுமந்து விற்றுப் பார்த்தார்கள், அதற்கும் பிடிக்கவில்லை. சிறைக்குப் போகத் துடிப்பவரைச் சிறையில் போடாமல் விடுவது அரசுக்குத் தெரிந்த நல்ல தந்திரம். கடைசியில் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசிலுக்குப் போனார்கள். அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள். அவர்களோடு தம்பி நாயுடுவும் போனார்.

இந்த இடத்தில்தான் வரியைப் பற்றிய பேச்சு முதல்முறையாகத் திசை மாறுகிறது என்பது என் வாசிப்பு. அதுவரை எல்லாம் மேல்நோக்கிப் போனது: டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்கு, பிரிட்டோரியாவிலிருந்து லண்டனுக்கு, ஆங்கிலத்தில். இப்போது குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு தமிழ்ப் பெண், சுரங்கத்துக் குடியிருப்பில் (மலையகத்தில் லயம் என்பார்களே, அந்த மாதிரி) கரி படிந்த முகத்தோடு நிற்கும் ஒருவரிடம் தமிழில் பேசுகிறாள். உன் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, முடிந்தால் எவ்வளவு கட்டுவாய், உன் மனைவிக்கு எவ்வளவு, உன் மகளுக்கு எவ்வளவு. மனுவில் எண்ணிட்ட பத்தியாக இருந்ததுதான் இது. சொல்பவரும் கேட்பவரும் மாறியிருந்தார்கள். அவர்களுடைய பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது என்று காந்தி எழுதுகிறார். அக்டோபர் நடுவில் ஒரு சுரங்கத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு வாரத்தில் ஆயிரக்கணக்கானவர்களைத் தொட்டது. பெண்களை அக்டோபர் 21ஆம் தேதி கைதுசெய்து, மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்து மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பினார்கள். அரசு முந்திக்கொண்டு எல்லையிலேயே பிடித்திருக்கலாம்.

சுரங்க முதலாளிகள் குடியிருப்புகளில் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தினார்கள். முதலாளி கொடுத்த கூரையின் கீழ் இருந்துகொண்டு முதலாளியை எதிர்க்க முடியாது, கட்டிய துணியோடும் கம்பளியோடும் வெளியே வாருங்கள் என்றார் காந்தி. வந்தார்கள். நியூகாசிலில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவரின் சிறிய வீடு சத்திரமாயிற்று. ஆயிரக்கணக்கானோரை எத்தனை நாள் ஊரில் வைத்துச் சோறு போடுவது? டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து எல்லோருமாகச் சிறைக்குப் போய்விடலாம் என்று முடிவாயிற்று. நவம்பர் 6ஆம் தேதி சார்ல்ஸ்டவுனிலிருந்து கிளம்பியவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். நாளுக்குத் தலைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் கொஞ்சம் சர்க்கரையும். வழியில் ஒரு குழந்தை குளிர் தாங்காமல் இறந்தது. இன்னொரு தாய் ஓடையைத் தாண்டும்போது குழந்தை கை நழுவி விழுந்து நீரில் போயிற்று. இருவரும் நிற்காமல் நடந்தார்கள் என்கிறார் காந்தி. நிற்காமல் நடந்த அந்தத் தாய்களைப் பாராட்டும் தொனியில் அந்த வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. எனக்கு அந்தத் தொனியோடு உடன்பட முடிவதில்லை.

நான்கு நாளில் காந்தியை மூன்று முறை கைதுசெய்தார்கள். டண்டியில் ஒன்பது மாதத் தண்டனை. போலக், கல்லன்பாக் இருவரும் சிறைக்குப் போனார்கள். நடந்து வந்தவர்களை பால்ஃபரில் மடக்கி, தனி ரயில்களில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனார்கள். இத்தனை பேருக்குச் சிறையில் இடம் ஏது? சுரங்க வளாகங்களையே சிறைச்சாலைகளாகவும், சுரங்கத்து வெள்ளை மேற்பார்வையாளர்களைச் சிறைக் காவலர்களாகவும் அரசு அறிவித்தது. கூலியாக இறங்க மறுத்தவர்கள் கைதியாக அதே குழிக்குள் இறக்கப்பட்டார்கள், மறுத்தவர்களுக்குச் சவுக்கடி.

எழுதத் தெரிந்த தலைவர்கள் உள்ளே போன பிறகுதான் வேலைநிறுத்தம் உண்மையில் பெருகியது. காந்தி எதிர்பார்க்காத இடத்தில், கடலோரக் கரும்புத் தோட்டங்களில் தீ பிடித்தது. நவம்பர் இறுதிக்குள் சுமார் 20,000 பேர் வேலையை நிறுத்தியிருந்தார்கள். டர்பனில் ஓட்டல் வேலைக்காரர்கள், துப்புரவுத் தொழிலாளிகள், ரயில்வே கூலிகள். யாரும் அவர்களுக்குச் சத்தியாக்கிரக விதிகளைப் படித்துக் காட்டவில்லை. காந்தி ராஜா சொல்லிவிட்டார் என்ற பேச்சு தோட்டம் தோட்டமாகப் போனது. சில இடங்களில் கரும்பு எரிந்தது. போலீஸுக்கு எதிராகக் கம்பும் கல்லும் எழுந்தன. மவுண்ட் எட்ஜ்கம்பிலும் எஸ்பெரான்ஸாவிலும் துப்பாக்கிச் சூடு. பச்சையப்பன், செல்வன், சுப்பராய கவுண்டன் என்ற பெயர்கள் இறந்தவர்களின் பட்டியலில் இருக்கின்றன. அகிம்சைப் போராட்டம் என்ற தலைப்பின் கீழ் இவர்களை வைக்கச் சிலர் தயங்குகிறார்கள். அடித்த கையைத் தடுக்கக் கம்பெடுத்தவன் வரி ஒழிப்புக்காகச் சாகவில்லையா என்ன?

இப்போது எழுத்து திரும்பி வருகிறது. ஃபீனிக்ஸ் பண்ணையில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ அச்சகத்தை நடத்திவந்த ஆல்பர்ட் வெஸ்ட் துப்பாக்கிச் சூட்டையும் சவுக்கடியையும் கோகலேக்குத் தந்தியாக அனுப்பிக்கொண்டிருந்தார், தன்னைக் கைதுசெய்யும்வரை. உடல்நலம் குன்றிய கோகலே அவற்றை இந்தியா முழுவதற்கும் அனுப்பினார். 1896இல் மூன்று வரியாகச் சுருங்கி அடி வாங்கித் தந்த அதே தந்திக் கம்பி. இந்த முறை அதில் போனது வாதம் இல்லை, நடந்த செய்தி.

அது போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று மறுபடி சென்னை. நவம்பர் 24ஆம் தேதி சென்னைக்கு வந்திருந்த வைஸ்ராய் ஹார்டிஞ்ச், வரவேற்புப் பத்திரங்களுக்குப் பதில் சொல்லும்போது, தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அநியாயமான சட்டங்களை மீறுவதில் இந்தியாவின் அனுதாபமும் தன் அனுதாபமும் அவர்கள் பக்கமே என்றார். விசாரணைக் குழு அமைக்க வேண்டும் என்றும் கேட்டார். பேரரசின் பிரதிநிதி பேரரசின் இன்னொரு நாட்டில் நடக்கும் சட்டமீறலை மேடையில் ஆதரிக்கிறார்! லண்டனும் பிரிட்டோரியாவும் கொதித்தன. அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. எனினும் டிசம்பரில் சாலமன் தலைமையில் விசாரணைக் குழு வந்தது. அதில் ஓர் உறுப்பினர் வைலி, 1897இல் டர்பன் துறைமுகத்தில் இந்தியர்களுக்கு எதிராகக் கூட்டம் சேர்த்தவர்களில் ஒருவர். காந்தி குழுவைப் புறக்கணித்தார். அதே குழு 1914 மார்ச்சில் வரியை எடுத்துவிடச் சிபாரிசு செய்தது.

டிசம்பரில் விடுதலையான காந்தி டர்பன் கூட்டத்தில் தலையை மழித்து, கூலியின் வெள்ளை உடையில் நின்றார். சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்கான துக்கம் என்றார். பிற்காலத்தில் உலகம் அறிந்த அந்த உடைக்கு மதுரையைக் காரணமாகச் சொல்வது நம் வழக்கம். நேட்டாலில் அதற்கு ஓர் ஒத்திகை நடந்திருக்கிறது. மாதிரி, தமிழ்க் கூலி.

1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 3 பவுன் வரியும் அதன் பாக்கிகளும் ரத்து. ஒரு மனைவியோடு செய்த இந்தியத் திருமணம் செல்லும். காந்தி ஜூலை 18ஆம் தேதி கப்பலேறினார். பிப்ரவரி 22ஆம் தேதியே வள்ளியம்மை இறந்துபோயிருந்தாள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள், தில்லையாடியைப் பார்த்தே இராதவள், சிறைக் காய்ச்சலோடு வெளியே வந்தபோது வயது 16. நம் பாடப்புத்தகங்களுக்கு அவள் ஒருத்தியைத் தெரியும்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. அதே 1913இல், நம் பெண்கள் எல்லை கடப்பதற்குச் சில மாதங்கள் முன், ப்ளூம்ஃபோன்டைனில் ஆப்பிரிக்கப் பெண்கள் அனுமதிச் சீட்டு வைத்துக்கொள்ள மறுத்துக் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். அதே ஜூனில் வந்த நிலச் சட்டம் நாட்டின் மண்ணில் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்கு வெளியே ஆப்பிரிக்கர் நிலம் வாங்க முடியாதபடி செய்தது. ‘இந்தியன் ஒப்பீனியன்’ இவற்றைப் பற்றி எழுதவும் செய்தது, ஆப்பிரிக்கர் பக்கம் நின்றே எழுதியது. ஆனால் இரண்டு போராட்டங்களும் சேரவில்லை. சேர்க்க யாரும் நினைக்கவில்லை என்பதற்கு முந்தைய இருபது ஆண்டு எழுத்தில் காரணம் கிடக்கிறது. எங்களை ஆப்பிரிக்கரோடு ஒரே வாசலில், ஒரே சிறை அறையில் சேர்க்காதே என்பது காந்தியின் ஆரம்ப கால மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் வாதம். அதற்கு அவர் பயன்படுத்திய வசைச் சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். பிரிட்டிஷ் பிரஜை என்ற தகுதியைக் காட்டிக் கேட்டால், அந்தத் தகுதி இல்லாதவரிடமிருந்து தள்ளி நின்றுதான் கேட்க வேண்டியிருக்கும். பிற்காலக் காந்தி இதிலிருந்து வெகுதூரம் நகர்ந்தார். காகிதம் நகராது.

1914 டிசம்பரில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பொன்மலர் ஒன்று வெளியிட்டது. படங்கள் நிறைந்த பெரிய மலர். பத்தாண்டு கழித்து காந்தி ஏரவாடா சிறையில் இந்தப் போராட்டத்தின் வரலாற்றைக் குஜராத்தியில் சொல்லத் தொடங்கினார். அதன் ஆங்கிலப் பதிப்பை 1928இல் வெளியிட்டவர் சென்னைத் திருவல்லிக்கேணி எஸ். கணேசன். நியூகாசிலுக்குப் போன பதினொரு பெண்களின் பட்டியல் அந்த நூலில் இருக்கிறது. திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமி பிள்ளை என்று கணவர்களின் பெயர்களாகவே பட்டியல் போகிறது. தாலியைச் செல்லாததாக்கிய தீர்ப்பை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்கள் என்பதால் அப்படிச் சொல்லப்படுவதை அவர்களே விரும்பியிருக்கவும் கூடும். மணமாகாத இருவர் மட்டும் தம் பெயரால் நிற்கிறார்கள். ஒருத்தி மீனாட்சி பிள்ளை.

நிவாரணச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவும் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் குடியிருக்கும் உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுக்கும் இந்தியருக்கு ஊர் திரும்பக் கப்பல் செலவு இலவசம். 1927இல் இரு அரசுகளும் செய்துகொண்ட கேப்டவுன் உடன்படிக்கை இதை இன்னும் விரித்தது: இலவசக் கப்பலோடு, பெரியவருக்கு 20 பவுன், குழந்தைக்கு 10 பவுன் கையில் ரொக்கம். உடன்படிக்கையை நடத்திவைக்க இந்திய அரசு அனுப்பிய முதல் ஏஜென்ட், ஆங்கிலப் பேச்சுக்குப் பெயர்போன வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. வெள்ளையர் மண்டபங்களில் அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. டர்பன் துறைமுகத்தில் 20 பவுனை வாங்கிக்கொண்டு சென்னைக்குக் கப்பலேறியவர்களில், அந்த ஊரை ஒருமுறையும் பார்த்திராதவர்களும் இருந்தார்கள்.